ரேணிகுண்டாவில் இறங்குங்க சார்!

நம்ம ஆட்கள் அமெரிக்காவுக்கு வந்து முதலில் கார் வாங்கினார்கள், அப்புறம் வீடு வாங்கினார்கள், அப்புறம் கோயில் கட்டினார்கள். இப்போது ஒரு கூட்டம் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறது. நான் இருக்கும் அரிசோனாவில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். சேண்ட்லர், டியர் வேலி மாதிரியான சின்ன விமான நிலையங்களில் சனிக்கிழமை காலையில் செஸ்னாக்கள் ஈ மொய்ப்பது போல மொய்க்கும். எங்கள் தமிழ்க் குடும்ப வட்டத்திலேயே இரண்டு பேர் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். நான் வாங்கவில்லை. பி.காம் படித்துவிட்டு வங்கியில் கடன் மனுக்களைப் புரட்டிக்கொண்டிருப்பவன். பின்சீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைப் பிடித்துக்கொள்வதும், பெட்ரோல் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதும் என் வேலை.

அந்த இருவரில் ஒருவர் ராணிப்பேட்டைக்காரர். அடுத்த ஜனவரியில் ஊருக்குப் போகும்போது சின்ன விமானத்தில் தென்னிந்தியாவில் ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறார். எங்கே இறங்குவது, எதைப் பார்ப்பது என்று பட்டியல் போட்டு எனக்கு அனுப்பினார். அதில் இரண்டாவது வரி இது: "திருமலை. இறங்க வேண்டாம். மேலே இரண்டு சுற்று. அப்பாவுக்கு ஆனந்த நிலையம் காட்டணும்."

அவருடைய அப்பாவுக்கு 78 வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வருஷா வருஷம் புரட்டாசியில் அலிபிரியிலிருந்து நடந்து ஏறியவர், முழங்கால் போனபின் ஏறவில்லை. மகனுக்கு அந்த ஏக்கம். அவருடைய ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அந்த இரண்டாவது வரியை அடித்துவிட்டு "ரேணிகுண்டாவில் இறங்குங்க" என்று எழுதச் சொன்னேன். "ஏன் சார், சட்டம் இருக்கா?" என்று கேட்டார். போனில் பாதிதான் பேச முடிந்தது. மீதி இங்கே. நம்மில் இன்னும் நாலு பேர் இதே யோசனையில் இருக்கக்கூடும்.

முதலில் இந்த 'கிராஸ் கன்ட்ரி' என்ற வார்த்தை. கேட்டால் ஏதோ நாட்டையே குறுக்கே தாண்டுவது மாதிரி இருக்கும். அமெரிக்க விதியில் பிரைவேட் லைசென்ஸ் பயிற்சிக்கு, கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைலுக்கு மேல் தள்ளி இன்னொரு இடத்தில் இறங்கினாலே அது கிராஸ் கன்ட்ரி. 50 கடல் மைல் என்றால் 92 கிலோமீட்டர் சொச்சம். மீனம்பாக்கத்திலிருந்து ரேணிகுண்டா நேர்கோட்டில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 98 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 53 கடல் மைல் வருகிறது. பாலாஜி பாஸ் மார்க் போட்டு அனுப்பிவிட்டார் :-) செஸ்னா 172 மணிக்கு 110 கடல் மைல் வேகத்தில் போனால் அரை மணி நேரம். திருத்தணி, நகரி வழியாக பஸ்ஸில் போனவர்களுக்கு இந்த அரை மணியின் அருமை தெரியும்.

ஆனால் கவனியுங்கள். விதியில் 'இறங்கினால்' என்றிருக்கிறது. மேலே சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால் லாக் புக்கில் அது கிராஸ் கன்ட்ரி ஆகாது.

சின்ன விமானத்தில் எங்கே இறங்குவது என்பதை ஆதிகாலத்தில் அழகை வைத்து முடிவு செய்யவில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஒரு புஸ் மாத் விமானத்தை ஓட்டி வந்தார். நடுவில் அகமதாபாத்தில் இறங்கினார். எதற்கு? பெட்ரோலுக்கு. பர்மா ஷெல் கம்பெனி டின்களை மாட்டு வண்டியில் ஏற்றி வந்து ஊற்றினார்கள். பம்பாயிலிருந்து அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவில் விமானக் கம்பெனி என்று ஒன்று முளைத்தது அந்த வழித்தடத்தில்தான். பெல்லாரியையும் சென்னையையும் வரைபடத்தில் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு திருப்பதிக்குச் சற்றுத் தெற்கே போகும். அந்த விமானத் தபாலின் நேர்கோடே ஏழுமலையான் வாசலை ஒட்டித்தான் போகிறது என்பதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

அன்றைக்கு எரிபொருள் முடிவு செய்தது. இன்றைக்கும் இந்தியாவில் பாதி அதுதான் முடிவு செய்யும். பெரிய விமான நிலையங்களில் ஊற்றுவது ஜெட் எரிபொருள். செஸ்னா மாதிரி பிஸ்டன் இன்ஜினுக்கு அவ்காஸ் என்ற தனி பெட்ரோல் வேண்டும். இதை இந்தியா பல வருஷம் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் உள்நாட்டில் தயாரித்த அவ்காஸை வெளியிட்டது. ஆகவே அங்கே திட்டம் போடுகிறவர் முதலில் எந்த ஊரில் அவ்காஸ் உண்டு என்று கேட்டுக்கொண்டு, அதைச் சுற்றித்தான் மற்ற ஊர்களைக் கோர்க்க வேண்டும். அமெரிக்காவில் மாதிரி கிரெடிட் கார்டைச் செருகிவிட்டு நாமே குழாயைப் பிடிக்கிற கதை அங்கே நடக்காது.

அடுத்தது எடை. இது என் துறை :-) ஒரு செஸ்னா 172-ல் ஆள், மூட்டை, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஏற்றக்கூடியது மாடலைப் பொறுத்து சுமார் 400 கிலோ. டேங்கை நிரப்பினால் பெட்ரோலுக்கே கிட்டத்தட்ட 145 கிலோ போய்விடும். மீதி 250-ல் நண்பர், அவர் மனைவி, அப்பா, கூட வரவேண்டிய இந்தியப் பைலட், பெட்டிகள். பற்றாது. (அமெரிக்க லைசென்ஸை நீட்டிவிட்டு அங்கே விமானத்தை எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. டிஜிசிஏ அனுமதி வேண்டும். நடைமுறையில் ஃப்ளையிங் கிளப் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்து சீட்டில் இருப்பார்.) அதனால் அரை டேங்க். சென்னையிலிருந்து ரேணிகுண்டா போய்த் திரும்ப அரை டேங்க் தாராளம், கையிருப்பும் இருக்கும். எழுபது கிலோ மிச்சம், அதாவது ஒரு ஆள். வங்கியில் இதைத்தான் நாங்கள் மார்ஜின் என்போம். திரும்பும்போது லட்டு எத்தனை வாங்குவது என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். கல்யாண உற்சவ லட்டு ஒன்று முக்கால் கிலோ. ஊரெல்லாம் கொடுக்கவேண்டும் என்று இருபது வாங்கினால் பதினைந்து கிலோ.

இங்கே பைலட்டுகளிடம் 'நூறு டாலர் பர்கர்' என்று ஒரு பேச்சு உண்டு. பத்து டாலர் பர்கரைத் தின்பதற்காக நூறு டாலருக்குப் பெட்ரோல் எரித்துப் பக்கத்து ஊர் விமான நிலையத்துக்குப் போவது. கேலியாகச் சொன்னாலும் அதில் ஒரு புத்தி இருக்கிறது. பறப்பது ஒரு சாக்கு. இறங்கி, காலை நீட்டி, அந்த ஊர்க் காற்றை மூச்சில் இழுத்து, ஏதாவது தின்றுவிட்டு வருவதில்தான் பயணம் இருக்கிறது. செடோனாவுக்குப் போயிருக்கிறேன். மேசை மாதிரி தட்டையான குன்றின் உச்சியில் ஓடுபாதை. மேலேயிருந்து பார்த்தபோது சிவப்புப் பாறைகள் போட்டோ மாதிரி இருந்தன. இறங்கி அரை மணி நடந்தபோதுதான் அவை பாறைகள் ஆயின.

கிராண்ட் கேன்யன் கதை இன்னும் பொருத்தம். அந்தப் பள்ளத்தாக்குக்குள் ஒரு காலத்தில் சுற்றுலா விமானங்கள் இஷ்டத்துக்குப் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தன. 1986 ஜூன் 18 அன்று ஒரு ட்வின் ஆட்டர் விமானமும் ஒரு ஹெலிகாப்டரும் அங்கே மோதி 25 பேரும் இறந்தார்கள். எல்லோரும் அழகு பார்க்கப் போனவர்கள். மறு வருஷமே சட்டம் வந்தது. பறக்கக் கூடாத பகுதிகள் எவை, குறுக்கே கடக்க வழித்தடங்கள் எவை என்று தனி வரைபடமே போட்டார்கள். விபத்து மட்டும் காரணமில்லை. கீழே நடப்பவனுக்கு அந்த இடத்தின் அமைதி வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் எழுதப்பட்ட காரணம். இன்றைக்கு என் நண்பர் மாதிரி ஆட்கள் பள்ளத்தாக்குக்குத் தெற்கே உள்ள விமான நிலையத்தில் செஸ்னாவைக் கட்டிப் போட்டுவிட்டு, வண்டி பிடித்து விளிம்புக்குப் போய் நின்று பார்க்கிறார்கள். ஒருவரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

அங்கே ஒழுங்காக வழி விட்டுப் போகிற நாம், நம்ம மலைக்கு மேலே மட்டும் ஏன் வட்டமடிக்க வேண்டும்?

சட்டம் இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். திருமலை மீது விமானம் பறக்கக் கூடாது என்று தேவஸ்தானம் பல வருஷமாகக் கேட்டு வருகிறது. ஆகம சாஸ்திரப்படி கருவறை விமானத்துக்கு மேலே எதுவும் பறக்கலாகாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். (தமிழில் கோபுரத்துக்கும் விமானம், ஏரோப்ளேனுக்கும் விமானம். விமானத்துக்கு மேலே விமானம் போகக் கூடாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது!) 2025 மார்ச்சில்கூட அறங்காவலர் குழுத் தலைவர் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ட்ரோன் விஷயம் வேறு. 2023 ஜனவரியில் கோயிலை மேலேயிருந்து எடுத்த மாதிரி ஒரு வீடியோ பரவி, அது போலீஸ் வரை போனது.

என் அபிப்பிராயம் இரண்டு தரப்புக்கும் முழுசாகப் பிடிக்காது. ஏர்லைன்ஸ் விமானங்கள் போகும் பாதைகளை எல்லாம் ஒட்டுமொத்தமாகத் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முப்பதாயிரம் அடியில் டெல்லிக்குப் போகிறவன் திருமலையைப் பார்க்கப் போகவில்லை, அவன் சத்தமும் கீழே பெரிதாகக் கேட்காது. ரேணிகுண்டாவில் இறங்கும் விமானங்களில் பாதிப் பேர் அவனுடைய பக்தர்கள்தான். 2015-ல் திறந்த அங்குள்ள புது முனையத்துக்குப் பெயரே கருடா! காற்றுத் திசையைப் பொறுத்து அவர்கள் எப்படி வர வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் வேடிக்கை பார்ப்பதற்காகவே மலைக்கு மேலே வந்து தாழப் பறந்து சுற்றுகிற சின்ன விமானம் வேறு ஜாதி. அதற்கு அங்கே போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. திருமலைக்கும் ரேணிகுண்டா விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கோயிலை மையமாக வைத்து மூன்று கடல் மைலுக்கு ஒரு வட்டம் போட்டு, இதற்குள் ஆறாயிரம் அடிக்குக் கீழே உல்லாசப் பறப்பு வேண்டாம் என்று வரைபடத்தில் ஒரு குறிப்பு அச்சடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இதற்கு ஆகமத்தை நம்ப வேண்டும் என்றுகூட இல்லை. கீழே ஒரு நாளைக்கு அறுபது எழுபதாயிரம் பேர் வந்து போகும் இடம், சுற்றிலும் 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலக் காடு. இந்த இரண்டும் போதாதா?

"இந்தியாவில் அதெல்லாம் நடக்குமா" என்பவர்களுக்கு ஒரு உதாரணம். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அந்தச் சில மணி நேரம் விமானங்கள் கிடையாது. முன்கூட்டியே நோட்டாம் போட்டு உலகத்துக்கே சொல்லிவிடுகிறார்கள். சாமி போனபின் விமானம் பறக்கிறது. இரண்டு தரப்புக்கும் கோபமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ரேணிகுண்டாவுக்குக் கிழக்கே எழுபது எண்பது கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் முன் இஸ்ரோ பெரியவர்கள் அதன் சின்ன மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சந்திரனுக்குப் போகிற ராக்கெட்டே காரில் மலையேறி வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறது. நாலு சீட் செஸ்னாவுக்கு என்ன அவசரம்?

சாமியை விடுங்கள், பாதுகாப்பைப் பாருங்கள். திருமலை சுமார் 2,800 அடி உயரம், சுற்றியுள்ள சேஷாசல முகடுகள் மூவாயிரத்தையும் தாண்டும். ரேணிகுண்டா ஓடுபாதையோ முந்நூற்றுச் சொச்சம் அடியில். முகட்டைக் கடக்க இரண்டாயிரம் அடியாவது மேலே இருக்க வேண்டும் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார், காற்று அடிக்கும் நாளில் முகட்டின் மறுபக்கம் விமானத்தைக் கீழே அமுக்கும். ஆகவே ஐயாயிரம் அடிக்கு மேல். அங்கிருந்து ஆனந்த நிலையம் நகக்கண் அளவுக்கு ஒரு மினுக்கம். சுற்றிலும் கல்யாணக் கட்டா, சத்திரக் கூரைகள், பஸ் ஸ்டாண்டு. 'இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்' என்று ஆசை வரும். வேகத்தைக் குறைத்து, இறக்கையைச் சாய்த்து, கண்ணைக் கீழே வைத்துச் சுற்றத் தோன்றும். அலாஸ்காவில் மான் ஜாதி மிருகமான மூஸைப் பார்க்க இப்படிச் சுற்றி ஸ்டால் ஆகி விழுந்தவர்கள் பலர். அதற்கு 'மூஸ் ஸ்டால்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாய்ந்து சுற்றும்போது இறக்கைக்கு அதிக வேகம் வேண்டும். பார்ப்பவனோ வேகத்தைக் குறைப்பான். அவ்வளவுதான் விஷயம்.

அப்பாவுக்காக என்கிறார் நண்பர். செஸ்னாவில் பின்சீட்டில் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்துக்கு மேலே உள்ள சின்னப் படியில் கால் வைத்து, குனிந்து, உடம்பை மடித்து நுழைய வேண்டும். முழங்கால் போனவருக்கு அதுவே ஒரு மோகாளி மெட்டு. அதே பெரியவரை ரேணிகுண்டாவிலிருந்து காரில் உட்கார வைத்தால் கோயில் பக்கம்வரை சாலை போகிறது. முதல் மலைப்பாதை 1944-ல் வந்தது, இரண்டாவது 1974-ல். மூத்த குடிமக்களுக்கென்று தனி தரிசன ஏற்பாடு இருக்கிறது, முன்கூட்டி பதிவு செய்ய வேண்டும். அது மூன்று மாசத்துக்கு முன்னால் இணையத்தில் திறந்தவுடன் ஐந்து நிமிஷத்தில் காலியாகும் வகை. நேரவித்தியாசம் நமக்குச் சாதகமாக இருந்தால் நாம் இங்கிருந்தே போட்டுவிடலாம். உள்ளே போய்ப் பிரதட்சிணத்தில் தலையைத் தூக்கினால் ஆனந்த நிலையமும், அதில் இருக்கும் விமான வெங்கடேஸ்வரரும் தெரியும். தலையைத் தூக்கிப் பார்க்கத்தான் அதைக் கட்டினார்கள்.

குலசேகர ஆழ்வார் அந்த மலையில் பறவையாக, மீனாக, மரமாக, என்னென்னவோ ஆக ஆசைப்பட்டார், படியாகக் கிடக்கவும் ஆசைப்பட்டார். சன்னிதி வாசற்படிக்கு இன்றும் குலசேகரன் படி என்றே பெயர். பறவை யோசனை அவருக்கும் வந்திருக்கிறது, ஆனால் அதுவும் மலையில் வாழ்கிற பறவைதான்.

சரி, இறங்கியாயிற்று. எத்தனை நாள் வைப்பது? என் கணக்கு இரண்டு ராத்திரி. மூன்று வார லீவில் திருப்பதிக்கு ஒரு பகல் ஒதுக்கி, விடிகாலை கிளம்பி, கம்பிக் கூண்டில் நின்று, 'ஜருகண்டி' கேட்டு, லட்டோடு ராத்திரி திரும்புகிற நம்ம வழக்கம்தான் திருமலை அழகான ஊர் என்பதையே மறக்கடித்துவிட்டது. சின்ன விமானத்தில் போகிறவருக்குப் பயண நேரம் மிச்சம். அதை மலையில் செலவழிக்கட்டும்.

மலைப்பாதையில் எப்பார்க்கியன் அன்கன்ஃபார்மிட்டி என்று வாயில் நுழையாத பெயரோடு ஒரு பாறைச் சுவர் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அடியில் சுமார் 250 கோடி வருஷத்துக் கிரானைட், அதன் தலைமேல் சுமார் 160 கோடி வருஷத்துக் குவார்ட்சைட். நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் ஏறத்தாழ 90 கோடி வருஷம் காணாமல் போயிருக்கிறது. பாஸ் புக்கில் தொண்ணூறு கோடி வருஷத்துக்கு என்ட்ரியே இல்லாத மாதிரி. கிராண்ட் கேன்யனிலும் இப்படி ஒரு கோடு உண்டு, அதைக் காட்ட ரேஞ்சர், போர்டு, படக்கடை எல்லாம் உண்டு. நம்ம ஊரில் பஸ் அதைத் தாண்டும்போது எல்லோரும் கோவிந்தா போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்க்கிறார்கள். கோயிலுக்கு ஒரு கிலோமீட்டரில் சிலாதோரணம். இயற்கையே செதுக்கிய கல் வளைவு, எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். அதே குவார்ட்சைட்டில் காற்றும் மழையும் குடைந்தது. ஐயாயிரம் அடியிலிருந்து இந்த இரண்டும் கண்ணில் படாது.

மகனுக்கும் மருமகளுக்கும் கால் நன்றாக இருக்கிறது, அவர்கள் நடக்கட்டும். அலிபிரி பாதை சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படி. ஸ்ரீநிவாச மங்காபுரம் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டு இரண்டு கிலோமீட்டர் சொச்சம், ஆனால் 2,388 படி, நெட்டுக்குத்து. 2023-ல் அலிபிரி பாதையில் சிறுத்தை ஒரு குழந்தையைக் கொன்ற பிறகு, சிறுவர்களோடு போகிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள். அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். இறங்கியபின் சந்திரகிரிக் கோட்டை. விஜயநகரத்தின் கடைசி அரசர்கள் இருந்த இடம், மாலை வெயிலில் ராஜமகால் நன்றாக இருக்கும்.

மற்ற ஊர்களைப் பற்றி நண்பருக்குச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்டிக்கோட்டையில் பெண்ணாறு எர்ரமலையை அறுத்துக்கொண்டு போகிற பள்ளத்தாக்கு, இது மேலேயிருந்து பார்க்க வேண்டியதுதான், தாராளமாகப் பாருங்கள், அப்புறம் கடப்பாவில் இறங்கி இன்னொரு முறை விளிம்பில் நின்றும் பாருங்கள். ஹம்பிக்குப் பக்கத்தில் வித்யாநகர் ஓடுபாதை, தனியாருடையது, அனுமதியை முன்னாலேயே எழுத்தில் வாங்க வேண்டும். பழவேற்காடு ஏரியும் பூநாரைகளும் ஆசை காட்டும், ஆனால் ஸ்ரீஹரிகோட்டா வான்வெளி பக்கத்திலேயே இருக்கிறது. ராக்கெட் நாளில் அந்தத் திசையே வேண்டாம், மற்ற நாளிலும் கேட்டுவிட்டுத்தான். பறவைக் கூட்டத்துக்குள் செஸ்னாவை ஓட்டுவது பறவைக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. சூலூர்ப்பேட்டைக்கு ரயிலில் போய்விடுங்கள்.

எல்லாக் கட்டத்துக்கும் ஃப்ளைட் பிளான் கொடுத்து வான்பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். அரிசோனாவில் காலையில் எழுந்து, வானத்தைப் பார்த்து, 'போலாமா' என்று கிளம்புகிற சுகம் அங்கே இல்லை. பகல் வெளிச்சத்தில் மட்டும் என்பதால் ஜனவரிக் காலையின் மூடுபனி விலகும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஒரு ஊருக்கு ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஐந்து ஊர் போட்டிருந்தார், மூன்றாகக் குறைத்திருக்கிறார். ஹொஸ்பேட்டை மிஞ்சியது, கடப்பா மிஞ்சியது.

இரண்டாவது வரியை அவர் இன்னும் அடிக்கவில்லை. அப்பாவிடமே கேட்டுவிடுகிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டைக்குப் போன் போட்டார், நானும் பக்கத்தில் இருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பெரியவர் கேட்டார்: "மேல சுத்தறது சரிப்பா. செருப்பை எங்க கழட்டி வெக்கறது?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் அரை டேங்க் கணக்கை எடுத்து, லட்டுக்குப் பக்கத்தில் பெரியவருடைய ஊன்றுகோலுக்கும் ஒரு கிலோ சேர்த்துக்கொண்டேன்.

பி.கு: ரேணிகுண்டாவில் சின்ன விமானத்தை இரண்டு ராத்திரி நிறுத்தி வைத்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். கயிறும் சக்கரக் கட்டையும் அங்கே கிடைக்குமா, நாமே கொண்டுபோக வேண்டுமா? எடைக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.